சாமிக்குன்னு சொன்னாத்தான் விடறாங்க

மணவாள நகரில் தனியாக வாடகை வீடு தேடும் பெண்ணிடம் மூன்று கேள்விகள் கேட்பார்கள். எந்தக் கம்பெனி? எந்த ஊர்? வீட்டுக்காரர் என்ன பண்றார்? இரண்டாவது கேள்வி சாதிக்கானது என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவளுக்கும் தெரியும். மூன்றாவதுக்கு இருபத்திரண்டு வயதில் "இன்னும் கல்யாணம் ஆகல" என்று சொல்லித் தப்பிக்கலாம். முப்பதை நெருங்கும்போது அதே பதில் வேறு மாதிரி கேட்கும். வீட்டுக்காரம்மா ஒரு கணம் மேலும் கீழும் பார்ப்பார். "சொல்லி அனுப்பறேம்மா" என்பார். சொல்லி அனுப்ப மாட்டார்.

எங்கள் ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு வட்டத்துக்கு வரும் ஒரு பெண்ணுக்கு இப்போது 29 வயது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஷிஃப்ட் வேலை. செங்கல்பட்டு மாவட்டத்துக் கிராமம் ஒன்றின் சேரியிலிருந்து வந்த கத்தோலிக்கக் குடும்பம். அதிகம் பேச மாட்டாள். அம்பேத்கர் வாசிப்பு முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது கேட்டாள்: "மடத்துக்குப் போகாம, வேலையையும் விடாம, கல்யாணம் பண்ணிக்காம சாமிக்குன்னே இருந்துடற மாதிரி சர்ச்ல ஒண்ணு இருக்குதாமே அக்கா, உங்களுக்குத் தெரியுமா?"

கூட இருந்த தம்பிகள் சிரித்துவிட்டார்கள். ஒருவர் மட்டும் கொஞ்சம் அக்கறையாக, "தோழர், நீங்களே இப்படிக் கேக்கலாமா?" என்றார். அவள் கோபப்படவில்லை. "கல்யாணம் வேணாம்னு சொன்னா யாரையாச்சும் லவ் பண்றியா, உடம்புல எதாச்சும் குறையான்னு கேக்கறாங்க. சாமிக்குன்னு சொன்னாத்தான் விடறாங்க" என்றாள்.

நான் கடவுள் நம்பிக்கை இல்லாதவள். ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. முற்போக்கு வட்டங்களில் இந்த விஷயத்தை இரண்டே வரியில் தள்ளிவிடுகிற பழக்கம் இருக்கிறது. "மதம் மூளையைச் சலவை செய்கிறது. கன்னித்தன்மை என்பது ஆணாதிக்கம்." இரண்டுமே தப்பில்லை. ஆனால் அவள் கேட்ட கேள்வி இந்த இரண்டு வரிக்குள் அடங்கவில்லை.

முதலில் அவள் சொன்ன அந்த 'ஒண்ணு' என்ன என்று பார்ப்போம். கன்னியாஸ்திரிகளை எல்லோருக்கும் தெரியும். ஒரு சபையில் சேர்ந்து, அதன் உடையை அணிந்து, அதன் இல்லத்தில் வாழ்ந்து, கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என மூன்று வார்த்தைப்பாடுகள் எடுப்பவர்கள். இது அதிலிருந்து வேறுபட்டது. கத்தோலிக்கத் திருச்சபையில் 'கன்னியர் அர்ப்பணம்' என்று ஒரு சடங்கு இருக்கிறது. மணமாகாத பெண் ஆயர் முன்னால் நின்று, வாழ்நாள் முழுவதும் கன்னியாகவே இருப்பேன் என்று தன்னை ஒப்புக்கொடுப்பாள். புனிதர்களின் மன்றாட்டு மாலை பாடப்படும்போது அவள் தரையில் முகம் குப்புறக் கிடப்பாள். ஆயர் அவளுக்கு மோதிரம் அணிவிப்பார், முக்காடு கொடுப்பார், திருப்புகழ்மாலை நூலைத் தருவார். அன்றிலிருந்து அவள் கிறிஸ்துவின் மணவாட்டி. மறுநாள் காலை வழக்கம்போல் தன் வேலைக்குப் போகலாம். தன் வீட்டில் வாழலாம். தன் சம்பளம் தன்னுடையது. சபை இல்லை, மதர் இல்லை, மடத்துச் சாப்பாட்டு மணி இல்லை. அவளுக்கு மேலே அந்த மறைமாவட்டத்து ஆயர் மட்டும்தான்.

இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. மடங்கள் தோன்றுவதற்கு முன்பே, திருச்சபையின் முதல் நூற்றாண்டுகளில் இப்படி வீட்டிலேயே வாழ்ந்த கன்னியர் இருந்தார்கள். ஆக்னஸ், செசிலியா, லூசியா, ஆகத்தா என்று நம் ஊர்க் கத்தோலிக்கத் தெருக்களில் கூப்பிடும் பெயர்களெல்லாம் அந்தக் காலத்துக் கன்னியரின் பெயர்கள்தான். வீட்டார் சொன்னவனை, அதிகாரத்தில் இருந்தவனை மணக்க மறுத்ததற்காகக் கொல்லப்பட்டவர்கள் என்று அவர்களில் சிலரின் கதைகள் சொல்கின்றன. பின்னர் இந்த வாழ்க்கை மடங்களின் சுவருக்குள் போய்விட்டது. 1970 மே 31 அன்று, ஆறாம் பவுல் போப்பாக இருந்தபோது, உலகில் வாழும் பெண்களுக்காக இந்தச் சடங்கு திருத்தப்பட்டு மீண்டும் வந்தது. 1983-இல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 604ஆம் விதி இதற்கு இடம் தருகிறது. இன்று உலகெங்கும் 5,000-க்கு மேற்பட்டவர்கள் இருப்பதாக ஒரு மதிப்பீடு. இந்தியாவில் மும்பை உயர்மறைமாவட்டத்தில் இப்படி அர்ப்பணித்துக்கொண்ட பெண்கள் உண்டு. நம் பக்கத்தில் சாதாரணப் பங்கு மக்களிடம் கேட்டால் பலருக்கும் இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

இனி தம்பிகளின் சிரிப்புக்கு வருவோம். அவர்கள் பக்கம் இருக்கும் நியாயத்தை நான் குறைத்துச் சொல்லப் போவதில்லை.

1916 மே மாதம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அம்பேத்கர் வாசித்த 'இந்தியாவில் சாதிகள்' கட்டுரையின் அடிப்படை வாதம் நமக்குத் தெரியும். சாதியின் சாரம் அகமணமுறை. சொந்தச் சாதிக்குள்ளேயே மணமுடிக்க வேண்டுமென்றால் ஆண் பெண் எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும். கணவன் செத்துவிட்டால் மனைவி 'உபரி' ஆகிவிடுகிறாள். அந்த உபரிப் பெண்ணை என்ன செய்வது? எரிப்பது, கைம்மையில் அடைப்பது. மனைவி செத்த ஆணுக்கோ சாதிக்குள்ளேயே ஒரு சிறுமியைக் கட்டிவைப்பது. சதி, கட்டாய விதவைக் கோலம், குழந்தைத் திருமணம் மூன்றும் சாதி தன்னைப் பாதுகாத்துக்கொள்ளும் ஏற்பாடுகள் என்றார் அவர். பெண்ணுடலின் தூய்மை என்ற பேச்சு இந்த ஏற்பாட்டின் காவல்காரன். பெரியாரின் 'பெண் ஏன் அடிமையானாள்?' நூல் 'கற்பு' என்ற அத்தியாயத்தில்தான் தொடங்குகிறது. தமிழ்க் கத்தோலிக்கர்கள் துறவியரின் முதல் வார்த்தைப்பாட்டுக்கு வைத்திருக்கும் பெயரும் அதே 'கற்பு'தான். மொழிபெயர்ப்பில் வேறு சொல் கிடைக்காமல் போனது என்று நான் நம்பவில்லை. இங்கே ஏற்கெனவே அரியணையில் இருந்த சொல்லை எடுத்துக்கொண்டார்கள்.

அதனால் 'கன்னி' என்ற சொல்லைத் தூக்கிப் பீடத்தில் வைக்கும் எந்தச் சடங்கையும் நாம் சந்தேகத்தோடு பார்ப்பது சரிதான். 1970 சடங்கின் நிபந்தனைகளையே பாருங்கள். அவள் மணமாகாதவளாக இருந்திருக்க வேண்டும். கற்புக்கு மாறாக ஊரறிய வாழ்ந்தவளாக இருக்கக் கூடாது. இந்த 'ஊரறிய' என்ற இடத்தில்தான் எனக்கு இடிக்கிறது. யாருடைய வாழ்க்கை ஊரறிய நடக்கிறது? ஒரு சேரிப் பெண்ணின் நடத்தையைப் பற்றித் தீர்ப்பு எழுதாத ஊர்த்தெரு தமிழ்நாட்டில் எங்கே இருக்கிறது?

2018-இல் வத்திக்கான் இந்த வாழ்க்கைமுறை பற்றி ஒரு வழிகாட்டு ஆவணம் வெளியிட்டது. 'எக்ளேசியே ஸ்பொன்சே இமாகோ' என்று பெயர். அதன் 88ஆம் பத்தி, இந்த அழைப்பை உடலின் பழுதின்மை என்ற அடையாளத்துக்குள் சுருக்கிவிட முடியாது என்றது. உடலைப் பரிபூரணமாகக் காத்திருப்பது முக்கியம்தான், ஆனால் அது இல்லையென்றால் சேர்க்கவே முடியாது என்ற கட்டாய நிபந்தனை அல்ல என்றது. அமெரிக்காவில் உள்ள அர்ப்பணக் கன்னியரின் சங்கம் இதைப் பார்த்து ஏமாற்றம் தெரிவித்தது. கன்னியர் அர்ப்பணத்துக்குக் கன்னித்தன்மை தேவையில்லையா என்று விவாதம் கிளம்பியது. வன்கொடுமைக்கு ஆளான பெண்ணின் நிலை என்ன என்ற கேள்வியும் அதில் உண்டு. நம் ஊரிலிருந்து பார்த்தால் அது ஓரத்துக் கேள்வி ஆகாது. வயல்வேலையிலும் செங்கல் சூளையிலும் ஆதிக்கச் சாதி ஆண்களின் கை எட்டும் தூரத்தில் வளர்ந்த பெண்களுக்கு அதுதான் முதல் கேள்வி.

சர்ச் மட்டும்தான் இப்படி உடலைத் துருவுகிறது என்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம். கேரளத்தில் 2008 அக்டோபரில் அல்போன்சாவுக்குப் புனிதர் பட்டம் கிடைத்த கொண்டாட்டம் ஓய்வதற்குள், நவம்பரில் அபயா வழக்கில் கைதான கன்னியாஸ்திரி செபிக்கு சிபிஐ காவலில் கன்னித்தன்மை சோதனை நடந்தது. கொலைவழக்கு விசாரணைக்கு ஒரு பெண்ணின் சவ்வு எதற்கு? அந்தச் சோதனை அரசமைப்புச் சட்டத்துக்கு எதிரானது, காவலில் இருக்கும் பெண்ணின் கண்ணியத்தை மீறுவது என்று டெல்லி உயர் நீதிமன்றம் சொல்வதற்கு 2023 பிப்ரவரி வரை ஆயிற்று. அந்த வழக்கில் அவர் குற்றவாளியா இல்லையா என்பது தனி விஷயம். மதச்சார்பற்ற அரசின் புலனாய்வு நிறுவனம் ஒன்று, துறவியைப் பிடித்ததும் முதலில் தேடிப்போன இடம் அதுதான் என்பதைச் சொல்கிறேன்.

இவ்வளவும் ஒரு பக்கம். ஆனால் தூய்மையைக் கொண்டாடுவது ஒரு விஷயம், மணமறுப்பு வேறு விஷயம். இரண்டும் ஒரே உடையில் வருவதால் நாம் குழம்பிவிடுகிறோம்.

அகமணம்தான் சாதியின் உயிர் என்றால், "எனக்குக் கல்யாணமே வேண்டாம்" என்று சொல்லும் பெண் சாதிக்கு என்ன செய்கிறாள்? சாதி மாறி மணப்பவளை வெட்டுகிறார்கள். மணமே செய்யாதவளை வெட்டுவதில்லை, கரைக்கிறார்கள். அம்மாவின் அழுகை, அண்ணன் முறைப்பு, சொந்தக்காரர்களின் புலம்பல், ஜாதகம், சாமியாடி என்று கொஞ்சம் கொஞ்சமாக. இதிலிருந்து தப்பிக்கத் தமிழ் மண்ணில் பெண்கள் வெகுகாலமாகவே துறவைப் பிடித்திருக்கிறார்கள். மணிமேகலையை நினைத்துப் பாருங்கள். கணிகையர் குலத்தில் பிறந்தவள். பாட்டி சித்திராபதி அவளைக் குலத்தொழிலுக்கு இழுக்கிறாள், அரசகுமாரன் உதயகுமரன் தனக்கு உரியவள் என்று துரத்துகிறான். பிக்குணி ஆனதால் அவளுக்குக் கிடைத்தது மோட்சம் மட்டுமா? பிறப்பு அவளுக்கு எழுதிவைத்த வேலையிலிருந்து விடுதலையும்தான். அம்பேத்கர் 1951-இல் 'மகாபோதி' இதழில் இந்துப் பெண்ணின் எழுச்சியும் வீழ்ச்சியும் பற்றி எழுதியபோது, பெண்களைத் துறவுக்கு அனுமதித்ததன் மூலம் புத்தர் அவர்களுக்கு அறிவு பெறும் உரிமையையும் ஆணுக்கு நிகராக ஆன்மிக ஆற்றலை அடையும் உரிமையையும் ஒருசேரக் கொடுத்தார் என்று வாதிட்டார். துறவைக் கேலி செய்யும் தோழர்கள் அந்தக் கட்டுரையை ஒருமுறை படிக்க வேண்டும். பெண்ணின் துறவு அவருக்குக் குடியுரிமைப் பிரச்சினையாகத் தெரிந்தது.

மேலே சொன்ன அல்போன்சா சிறுமியாக இருந்தபோது, வீட்டில் பேசிய கல்யாணத்திலிருந்து தப்பிக்கத் தன் கால்களைப் பதர் எரியும் குழிக்குள் வைத்துச் சுட்டுக்கொண்டார் என்று அவர் வாழ்க்கை வரலாறு சொல்கிறது. இந்தியாவின் முதல் பெண் புனிதர் அவர். பக்தர்கள் அதில் பக்தியைப் பார்க்கிறார்கள். எனக்கு அந்தக் குழிதான் தெரிகிறது. வேண்டாம் என்ற ஒரு சொல்லைக் கேட்க வைப்பதற்கு ஒரு சிறுமி காலைச் சுட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

ஆக, மணம் வேண்டாத பெண்ணுக்கு ஒரு வாசல் தேவை, திருச்சபை ஒரு வாசலை வைத்திருக்கிறது. அந்த வாசலில் யார் நுழைந்தார்கள்?

தமிழ்க் கத்தோலிக்கத்தில் சாதி வெளியிலிருந்து ஒட்டிக்கொண்ட தூசி என்று சொல்வார்கள். அது சுவரிலேயே இருந்தது. பாண்டிச்சேரி தேவாலயத்துக்குள் பறையர் கிறித்தவர்களைப் பிரித்து ஒரு சுவர் எழுப்பப்பட்டிருந்ததையும், 1745 அக்டோபரில் அவர்கள் எதிர்த்துக் கேட்டு அது இடிக்கப்பட்டதையும், சாதிக் கிறித்தவர்கள் கொதித்ததையும் ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். செத்த பிறகும் விடவில்லை, திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் நின்ற சுவர் நம் தலைமுறைக்கும் தெரியும். இந்தச் சுவர்களுக்கு நடுவேதான் இந்நாட்டுப் பெண்களுக்கான துறவற சபைகள் முளைத்தன. 1844-இல் பாண்டிச்சேரியில் துப்புயி அடிகளார் பெண் கல்விக்காக மாசற்ற இருதய மரியன்னை சபையைத் தொடங்கினார். 1858-இல் திருச்சிராப்பள்ளியில் அன்னம்மாள் என்ற கைம்பெண் புனித அன்னாள் சபையைத் தொடங்கினார். கைம்பெண்கள் சேர்ந்து ஒரு சபை ஆரம்பித்தார்கள் என்ற செய்தியை அம்பேத்கரின் 'உபரிப் பெண்' வாதத்தோடு சேர்த்துப் படித்துப் பாருங்கள். மறுமணத்தை மதம் தடுக்கவில்லை. விவிலியம் விதவைக்கு மறுமணம் செய்ய அனுமதி தருகிறது. தடுத்தது சாதி. சாதி வெளியே தள்ளிய பெண்கள் ஜெபமாலையோடு ஒன்றுசேர்ந்து பள்ளியும் மருத்துவமும் நடத்தினார்கள். அவர்கள் செய்தது பெரிய காரியம். அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை.

ஆனால் சேரியிலிருந்து வந்தவளுக்கு? பாமாவின் 'கருக்கு' 1992-இல் வந்தது. தலித் பிள்ளைகளுக்கு உழைக்க வேண்டும் என்ற ஆசையில் ஆசிரியர் வேலையை விட்டுக் கன்னியர் மடத்தில் சேர்ந்து, ஏழாண்டுகளுக்குப் பின் வெளியே வந்தவர் எழுதிய புத்தகம். சில சபைகளில் தலித் பெண்களைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்றும், அவர்களுக்கென்றே எங்கோ ஒரு தனிச் சபை இருக்கிறது என்றும் பயிற்சிக் காலத்தில் கேள்விப்பட்டதை அவர் எழுதியிருக்கிறார். மடத்துக்குள் பேசப்பட்ட ஏழ்மைக்கும் அங்கே வாழப்பட்ட வசதிக்கும் இடையில் இருந்த தூரத்தையும் எழுதியிருக்கிறார். வெளியே வந்தபின் அவர் மணம் செய்துகொள்ளவில்லை. உத்திரமேரூர் பக்கத்து ஓங்கூரில் பள்ளி ஆசிரியராகத் தனியாகவே வாழ்ந்தார். உள்ளே இருந்தபோது அதே மணமறுப்புக்குப் பெயர் அர்ப்பணம். வெளியே வந்ததும் தனிக்கட்டை. முக்காட்டை எடுத்த மறுநிமிடம் மரியாதை போய்விடுகிறது என்றால், அந்த மரியாதை யாருக்குக் கொடுக்கப்பட்டது?

இதையெல்லாம் 'முப்பது வருஷத்துக்கு முந்தைய கதை' என்று தள்ளிவிட முடியாது. 2003 நவம்பரில் இரண்டாம் ஜான் பால் தமிழ்நாட்டு ஆயர்களிடமே சாதிப் பாகுபாட்டைக் கண்டித்துப் பேசினார். 2016 டிசம்பரில் இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கை ஒன்றை வெளியிட்டபோது, 1.9 கோடி கத்தோலிக்கர்களில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்றும் தலைமையில் அவர்கள் பங்கு மிகக் குறைவு என்றும் அதுவே ஒப்புக்கொண்டது. ஒரு தலித் முதன்முறையாகக் கர்தினால் ஆனது 2022 ஆகஸ்டில், ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா. அதே ஆண்டு புதுச்சேரிக்குப் புதிய பேராயர் அறிவிக்கப்பட்டபோது தலித் கிறித்தவர்கள் தெருவில் இறங்கிப் போராட வேண்டியிருந்தது. இவை எல்லாமே ஆண்களின் கணக்கு என்பதையும் கவனியுங்கள். எந்தச் சபையில் எத்தனை தலித் சகோதரிகள், அவர்களில் எத்தனை பேர் தலைமைச் சகோதரி ஆனார்கள், எத்தனை பேர் சமையலறையிலும் தோட்டத்திலும் நிறுத்தப்பட்டார்கள் என்ற பட்டியலைச் சபைகள் வெளியிட வேண்டும். ஆயர்கள் தங்கள் ஆண் தலைமையைப் பற்றி ஒப்புக்கொண்ட அளவுக்காவது.

இப்போது இதே திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கும் இன்னொரு மணவாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆந்திர எல்லையோரக் கிராமங்களிலும் பக்கத்துச் சித்தூர் பக்கமும் மாதம்மா என்ற அம்மன் உண்டு. அருந்ததியர் வீட்டுக் குழந்தைக்கு நோய் வந்தால், பிழைத்தால் உனக்கே தருகிறேன் என்று வேண்டிக்கொள்வார்கள். பிழைத்த பெண்ணுக்கு அம்மன் பெயரில் தாலி ஏறும். பிறகு அவளுக்குக் கல்யாணம் கிடையாது. திருவிழாவில் ஆட வேண்டும். சாமிக்குப் பொட்டுக்கட்டியவள் என்ற பெயரில் அவள் உடலுக்கு யார் யாரோ உரிமை கொண்டாடுவார்கள். பிறக்கும் பிள்ளைக்கு அப்பன் பெயர் இருக்காது. தேவதாசி ஒழிப்புச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இல் வந்துவிட்டது. அதற்கு எழுபது ஆண்டு கழித்து, 2017 செப்டம்பரில், மாதம்மா பற்றிய செய்திகளை முன்வைத்துத் தேசிய மனித உரிமை ஆணையம் தமிழ்நாடு, ஆந்திர அரசுகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது.

இருவரும் சாமிக்கு வாக்கப்பட்டவர்கள். இருவருக்கும் ஊரில் கணவன் கிடையாது. ஒருத்தி வளர்ந்த பிறகு தானே வந்து கேட்டு, ஆயர் கையால் மோதிரம் வாங்குகிறாள். யாரும் தொடக் கூடாதவள் ஆகிறாள். மற்றவள் நினைவு தெரியாத வயதில் கொடுக்கப்பட்டு, யாரும் தொடலாம் என்று விடப்படுகிறாள். சாமியிலோ சடங்கிலோ இருக்கும் வித்தியாசத்தைவிட, பிறந்த தெருவின் வித்தியாசம்தான் இதில் அதிகம் பேசுகிறது. இந்த இடத்தில்தான் வாசிப்பு வட்டத்துப் பெண்ணின் கேள்வி எனக்கு வேறு மாதிரிக் கேட்கத் தொடங்கியது. ஒரு ஐரோப்பிய நடுத்தர வர்க்கப் பெண் 'நான் கன்னி' என்று மோதிரம் போடுவது ஒன்று. உன் உடல் ஊருக்குப் பொது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்ட சாதியிலிருந்து வரும் ஒருத்தி, 'இது எனக்கு மட்டும் உரியது, கைவைக்க எவனுக்கும் உரிமையில்லை' என்று ஊர்முன் அறிவிக்க ஒரு மேடை தேடுவது இன்னொன்று. அவள் பிடித்த சொல் நமக்குப் பிடிக்காத சொல்லாக இருக்கலாம். அவள் கேட்கும் பொருள் நியாயமானது.

எங்கள் பகுதித் தொழிற்சாலைகளுக்கும் இதில் பங்கு உண்டு. மேற்கு மாவட்டத்து நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் மணமாகாத ஏழைப் பெண்களை, பெரும்பாலும் தலித் பெண்களை, ஒப்பந்தத்தில் விடுதியில் அடைத்து வேலை வாங்கி, முடிவில் வரதட்சணைக்கு ஆகும் என்று மொத்தமாக ஒரு தொகை தருவதாகச் சொன்னார்கள். 2024 ஜூனில், ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பூட்டும் வேலைக்கு மணமான பெண்களை எடுக்க மறுக்கிறார்கள் என்று ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. நிறுவனம் மறுத்தது. ஒன்றிய அரசு மாநிலத் தொழிலாளர் துறையிடம் அறிக்கை கேட்டது. மூலதனத்துக்கும் மணமாகாத பெண் தேவைப்படுகிறாள், ஆனால் சில வருடங்களுக்கு மட்டும். விரல்கள் வேகமாக ஓடும்வரை, பிள்ளை பெறாதவரை. அப்புறம் கல்யாணம் பண்ணிக்கொண்டு போய்விட வேண்டும். மணவாளன் பெயரில் ஊரை வைத்துக்கொண்டு நாங்கள் மணமாகாதவர்களின் உழைப்பில் வாழ்கிறோம்.

சரி, அவளுக்கு நான் என்ன சொன்னேன்? மடத்தைவிட இது உனக்குப் பரவாயில்லை என்றுதான் சொன்னேன். முக்கியக் காரணம் சம்பளம். அரசு உதவிபெறும் பள்ளிகளில் வேலை செய்யும் கன்னியாஸ்திரிகளின் சம்பளத்தில் வருமான வரி பிடிக்கலாமா என்ற வழக்கு பல ஆண்டு நடந்தது. ஏழ்மை வார்த்தைப்பாடு எடுத்தவர் திருச்சபைச் சட்டப்படி குடிமை மரணம் அடைந்தவர், அவர் சம்பளம் அவருடையது அல்ல, சபைக்குச் சேர்வது என்பது சபைகளின் வாதம். சென்னை உயர் நீதிமன்றம் 2019-இல் அதை ஏற்கவில்லை, உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது. வரி விஷயம் எனக்குப் பெரிதில்லை. குடிமை மரணம் என்ற அந்த வார்த்தை என்னை விடவில்லை. உழைப்பவள் உயிரோடு இருக்க, அவள் கூலியின் மேல் அவளுக்கு உரிமை மட்டும் செத்துப்போகிறது. நிலமும் கூலியும் மறுக்கப்பட்ட சாதியிலிருந்து முதல் தலைமுறையாக மாதச் சம்பளம் பார்த்தவள் அதை ஒரு சபையின் கணக்கில் போட்டுவிட்டு அனுமதி கேட்டுச் செருப்பு வாங்க வேண்டுமா? அர்ப்பணக் கன்னிக்கு இந்தக் குடிமை மரணம் கிடையாது. வீட்டுப் பட்டா, பிஎஃப், தொழிற்சங்கச் சந்தா எல்லாம் அவள் பெயரிலேயே இருக்கும்.

இதற்கு மறுபக்கம் உண்டு, அதையும் சொன்னேன். அவளைப் பராமரிக்கும் பொறுப்பு ஆயருக்கு இல்லை. ஆலை மூடினால், முதுகு போனால், மடத்துச் சகோதரிக்குக் கிடைக்கும் கட்டிலும் கஞ்சியும் இவளுக்குக் கிடைக்காது. அதோடு, அந்த ஒரு ஆயர் சம்மதிக்க வேண்டும். அவரிடம் போவதற்கு முன் பங்குச்சாமி நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். பங்குச்சாமியின் காதில் பங்குப் பேரவைக்காரர்களின் பேச்சு விழும். வாடகை வீட்டில் கேட்ட மூன்று கேள்விகளும் அங்கேயும் சுற்றிச் சுற்றி வரும். படித்த, நகரத்து, 'நல்ல குடும்பத்து'ப் பெண்களுக்கான மரியாதையாக இது சுருங்கிவிடக் கூடாது என்றால், திருச்சபை இதைச் சேரிப் பங்குகளில் தமிழில் அறிவிக்க வேண்டும், விசாரணையில் ஊர்ப்பேச்சுக்கு இடமில்லை என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். கன்னித்தன்மை என்ற சொல்லையே கைவிடச் சொல்லி நான் கேட்டால் அவர்கள் கேட்கப் போவதில்லை. 88ஆம் பத்தியை வாசித்துக் காட்டவாவது செய்யலாம்.

சர்ச்சிடம் இவ்வளவு கேட்டுவிட்டு நம் பக்கம் பார்க்காமல் இருப்பது நேர்மையாகாது. சுயமரியாதைத் திருமணத்தை நாம் உருவாக்கினோம், 1967-இல் சட்டமாக்கினோம். சாதி மறுப்பு இணைகளுக்குப் பாதுகாப்பு இல்லம் கேட்கிறோம், கேட்டுக்கொண்டே இருக்கிறோம். திருமணமே வேண்டாம் என்பவளுக்கு நம்மிடம் என்ன இருக்கிறது? நம் மேடைகளில்கூட முப்பது தாண்டிய பெண் தோழரிடம் 'எப்போ நல்ல சேதி?' என்று கேட்கிற தலைவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் கேட்பது சாதி மறுப்புத் திருமணம் என்பதால் அது முற்போக்கு ஆகிவிடுகிறது. காதலும் இல்லாமல், கணவனும் இல்லாமல், சாமியும் இல்லாமல் ஒரு பெண் இருக்கலாம் என்று நம் இலக்கியமும் அதிகம் எழுதவில்லை. அதனால்தான் 29 வயதில் அம்பேத்கர் வாசிக்கும் ஒருத்தி, தன் மறுப்புக்கு முத்திரை தேடி ஆயர் இல்லத்தின் பக்கம் பார்க்கிறாள்.

அரசுக்கும் அவளைத் தெரியாது என்று சொல்ல முடியாது. தமிழ்நாடு அரசின் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியப் பட்டியலில், முதியோர், கைம்பெண், கைவிடப்பட்டவர் ஆகியோருக்குக் கீழே, மணமாகாத பெண்களுக்கென்று ஒரு வரி இருக்கிறது. ஏழையாக இருக்க வேண்டும், உழைக்க இயலாதவளாக இருக்க வேண்டும், 50 வயது முடிந்திருக்க வேண்டும். மாதம் 1,200 ரூபாய். மணவாள நகரில் ஒற்றை அறைக்கும் அது போதாது. போதினாலும், வீட்டுக்காரர் என்ன பண்றார் என்று கேட்ட பிறகுதான் சாவி கொடுப்பார்கள்.